பொகவந்தலாவையில் துயிலும் கமரன் அம்மையார்

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்வோர் வழிநெடுகக் காண்பது தேயிலை மலைகளையே. அங்கே அங்கிலிக்கன் சபையாருக்குரிய பரிசுத்த மரியாள் ஆலயம் உண்டு. அதன் கல்லறைத் தோட்டத்தில் அக்காலத்து வெள்ளைக்காரத் துரைமார் குடும்பங்கள் அடக்கம் பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று, உலகமெங்கும் பெயர்பெற்ற யூலியா மார்கிரட் கமரன் அம்மையாரும் அவர் கணவரும் அருகருகே துயிலும் இடமாகும்.

அம்மையார் 1815-ஆம் ஆண்டு யூன் 11-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பனியின் உத்தியோகத்தர். தாயார் பிரெஞ்சு வம்சத்தவர். 1838-இல் சார்ல்ஸ் ஹே கமரனை மணந்தார். இவர் நம் பள்ளிப் பிள்ளைகள் சரித்திரப் பாடத்தில் படிக்கும் கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் அதே கமரன்தான். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் 1832-இல் ஒழிந்ததும், 1833-இல் நீதிமன்றங்கள் சீர்திருத்தப்பட்டதும் அக்குழுவின் பயனே. இலங்கையில் கண்ட நிலத்தின்மேல் ஆசைகொண்ட அவர், மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களை வாங்கினார்.

பின்னர் குடும்பம் இங்கிலாந்தின் வைற் தீவில் வாழ்ந்தது. அங்குள்ள தம் வீட்டுக்கும் அவர்கள் திம்புள்ளத் தோட்டத்தின் பெயரையே இட்டனர். 1863-இல், அம்மையாரின் 48-ஆம் வயதில், அவருடைய மகளும் மருமகனும் ஒரு புகைப்படக் கருவியை அன்பளிப்பாகக் கொடுத்தனர். பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழியே போன தனிமைக்கு அது ஆறுதலாகட்டும் என்பதே அவர்கள் எண்ணம். அம்மையாரோ நிலக்கரிக் கொட்டிலை இருட்டறையாக்கி, கோழிக்கூட்டைப் படமெடுக்கும் அறையாக்கி, இரவுபகலாக உழைத்தார். கவிஞர் தெனிசன், விஞ்ஞானி டார்வின், வானியலறிஞர் ஹெர்ஷல் ஆகியோரோடு வீட்டுப் பணிப்பெண்களையும் அதே கவனத்தோடு படமெடுத்தார். அப்படங்கள் இன்றும் இலண்டன் நூதனசாலையில் பேணப்படுகின்றன.

1869-இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பிச் செடிகளை அழிக்கத் தொடங்கியது. தோட்டங்களை நம்பியிருந்த குடும்பத்துக்குப் பணமுடை உண்டாயிற்று. 1873-இல் அன்பு மகளும் பிரசவத்தில் இறந்தார். 1875-இல் முதிய தம்பதியர் பிள்ளைகள் இருந்த இலங்கைக்கே வந்து சேர்ந்தனர். தங்களுக்கான சவப்பெட்டிகளையும் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்பர். திரும்பிப் போகும் எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை போலும்!

இலங்கையிலும் அம்மையார் களுத்துறை முதலிய இடங்களில் கிராமத்தவரையும் தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்தார். 1879-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் டிக்கோயாப் பக்கத்துக் கிளென்கேர்ன் தோட்டத்தில் அவர் காலமானார். மறு ஆண்டு மே மாதத்தில் கணவரும் காலமாகி அவரருகே அடக்கம் செய்யப்பட்டார். அவர்கள் பெயர் பொறித்த கல்லறையைக் காணத் தூர தேசங்களிலிருந்தும் ஆட்கள் வருகின்றனர்.

ஆனால் அவர் இலங்கையில் எடுத்த படங்களில் உள்ளவர்கள் யார்? முப்பதுக்கும் குறைவான அப்படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இலங்கைப் பெண், களுத்துறைக் குடியானவர் என்ற பொதுப்பெயர்களே உண்டு. முகம் இருக்கிறது, பெயர் இல்லை. அக்காலத்தில் கங்காணிமாரின் பின்னே மன்னார்க் காட்டுவழியாக நடந்துவந்த நம் முன்னோரில் எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டனர். மலையேறி வந்து கோப்பியும் தேயிலையும் நட்டவர்களோ தோட்டத்துப் புதைகுழிகளில் உறங்குகின்றனர். அவற்றுட் பலவற்றுக்குக் கல்லும் இல்லை, சிலுவையும் இல்லை. சில இடங்களில் புதைகுழியின்மேலேயே தேயிலை தழைத்திருக்கிறது.

கமரன் அம்மையாரின் கல்லறை பேணப்படுவது நல்லதே. அதுபோல நம்மவர் கல்லறைகளையும் பேண வேண்டியவர் நாமல்லவா? நவம்பர் மாதத்தில் மரித்தோரை நினைத்து மெழுகுதிரி ஏற்றச் செல்லும்போது, வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துச் செல்வோம். எவர் எங்கே அடங்கியிருக்கிறார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவைப்போம். கல் நாட்ட வசதியில்லாத குடும்பமும் ஒரு பெயரைக் காப்பாற்ற முடியும். கேட்பதற்குப் பெரியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்வோம்.