மகனைத் தேடி மலையேறிய அழகம்மாள்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

பழனிக்குப் போகும்போதெல்லாம், கோவிச்சுக்கிட்டு மலையேறின பிள்ளையைத்தான் நாம நினைக்கிறோம். அந்தப் பிள்ளையைப் பெத்த அம்மா மனசு என்ன பாடுபட்டிருக்கும்னு யோசிச்சிருக்கோமா? அப்படி ஒரு அம்மா நம்ம நாட்டிலேயே வாழ்ந்தாங்க. திருவண்ணாமலை ரமண மகரிஷியைப் பெற்ற அழகம்மாள். ரமணரை முருகனின் அம்சமாகவே கும்பிடுகிற அடியார்கள் உண்டு. அதனால இன்னைக்கு அந்த அம்மாவை நினைப்போம்.

அழகம்மாள் வாழ்க்கைப்பட்ட ஊர் திருச்சுழி. கணவர் சுந்தரம் ஐயர். மாதம் இரண்டு ரூபாய் சம்பளத்தில் கணக்குப்பிள்ளையிடம் எழுத்து வேலையில் தொடங்கியவர். சொந்த முயற்சியில் ஊர் மதிக்கும் வக்கீலாக உயர்ந்தார். அவர் வீட்டில் ஒரு பகுதி குடும்பத்துக்கு, இன்னொரு பகுதி வந்து தங்கும் விருந்தாளிகளுக்கு. வருகிறவர்களுக்கெல்லாம் சோறு உண்டு. அந்த அடுப்படிதான் அழகம்மாளின் உலகம்.

ஆனா அந்தக் குடும்பத்தில் ஒரு பழைய கதை சொல்லப்பட்டு வந்தது. முன்னொரு காலத்தில் பிச்சை கேட்டு வந்த துறவி ஒருவருக்கு அந்த வீட்டில் சோறு போடவில்லையாம். தலைமுறைக்கு ஒருத்தர் இப்படிப் பிச்சை எடுத்துத் திரிவீர்கள் என்று அவர் சபித்துவிட்டாராம். அதுபோலவே சுந்தரம் ஐயருக்கு முந்தைய தலைமுறையில் ஒருவர் துறவியானார். அவருடைய அண்ணனும் காவி கட்டிப் போய்விட்டார். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மருமகளாக வந்தார் அழகம்மாள். மூன்று மகன்கள், ஒரு மகள் பிறந்தார்கள். இரண்டாவது மகன் வேங்கடராமன் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தான்.

1892இல் சுந்தரம் ஐயர் காலமானார். வீடு கலைந்தது. பெரிய பையன்கள் இருவரும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போனார்கள். சின்னப் பிள்ளைகளோடு அழகம்மாள் மானாமதுரைக்குப் போனார். தாலியும் போய், பிள்ளைகளும் பிரிந்து கிடந்த காலம் அது. நாலு வருஷம் கழித்து, 1896 ஆகஸ்டில், பதினாறு வயசு வேங்கடராமன் மதுரை வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். எங்கே போறேன்னு சொல்லவே இல்லை. தலைமுறைக்கு ஒருத்தர் என்ற கதை அந்தத் தாயை எப்படிச் சுட்டிருக்கும்!

பையன் போன இடம் திருவண்ணாமலை. தலையை மழித்து, கோவணம் கட்டி, பழனியாண்டி மாதிரி உட்கார்ந்துவிட்டான். பாதாள லிங்கக் குழியிலிருந்து அவனைத் தூக்கிக் கொண்டுபோய் வைத்தது எங்கே தெரியுமா? கோயிலுக்குள்ளேயே இருக்கும் நம்ம முருகன் சந்நிதியில்! கிட்டத்தட்ட ரெண்டு மாசம் அங்கேதான் இருந்தான்.

1898 டிசம்பரில், மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு அழகம்மாள் பவழக்குன்றுக்கு வந்தார். சடை விழுந்த தலை, நீண்ட நகம், அழுக்கேறிய உடம்பு. ஆனாலும் பெத்தவளுக்கு அடையாளம் தெரியாதா? தினம் தினம் பலகாரம் எடுத்து வந்தார், கெஞ்சினார், அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. கடைசியில் கூட இருந்தவர்கள் சொல்லித்தான் காகிதத்தில் பதில் எழுதிக் கொடுத்தார். அவரவர் வினைப்படி ஆட்டுவிப்பவன் ஆட்டுவிக்கிறான், நடக்காதது நடக்காது, நடப்பது நிற்காது, மௌனமாக இருப்பதே நல்லது என்பதுதான் அதன் சாரம். வெறுங்கையோடு ஊர் திரும்பினார் அந்த அம்மா.

அதற்குப் பிறகும் துக்கம் விடவில்லை. மூத்த மகன் இறந்தார். 1914இல் மகனைப் பார்க்க வந்த இடத்தில் அழகம்மாளுக்குக் கடும் காய்ச்சல். அன்னைக்கு வாயே திறக்காத பிள்ளை, இப்போ இரவு பகலாகப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். அம்மா பிழைக்க வேண்டும் என்று அருணாசலனை வேண்டிப் பாட்டே எழுதினார்.

1916இல் அழகம்மாள் ஒரேயடியாக மகனிடமே வந்துவிட்டார். அந்த வருஷமே எல்லோரும் விருபாட்ச குகையிலிருந்து ஸ்கந்தாசிரமத்துக்கு மாறினார்கள். கந்தசாமி என்ற அடியார் பாடுபட்டு உருவாக்கிய இடம், அவர் பெயராலேயே ஸ்கந்தாசிரமம் ஆயிற்று. முருகன் பேரும் அதில் வந்துடுச்சு பாருங்க! அங்கே அழகம்மாள் அடுப்பு மூட்டினார். அதுவரை பிச்சைச் சோற்றில் வாழ்ந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டார்.

பிள்ளை அம்மாவைச் சும்மா விடவில்லை. ஆசாரம் பார்க்கும் அம்மாவிடம், வெங்காயம் மோட்சத்துக்கே பெரிய தடை என்று கிண்டல் செய்வார். அப்பளம் இட உதவி கேட்டபோது, அப்பளம் இடுவதையே ஞானம் பெறும் வழியாக வைத்து ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். எனக்கு நீ மட்டும் அம்மா இல்லை, எல்லாப் பெண்களும் அம்மாதான் என்று உணர்த்தினார். மெல்ல மெல்ல, என் பிள்ளை என்ற பிடிப்பு அழகம்மாளிடம் தளர்ந்தது. அவரும் காவி உடுத்தினார்.

1922 மே 19. கடைசி நாள். ஒரு கை அம்மாவின் மார்பில், மறு கை தலையில் வைத்தபடி ரமணர் பல மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இரவு எட்டு மணி வாக்கில் உயிர் அடங்கியது. அம்மா முக்தி அடைந்ததால் தீட்டு இல்லை என்று, ரமணர் எல்லோரையும் சாப்பிட அழைத்தார்.

மலையின் தெற்கு அடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். ரமணர் அடிக்கடி இறங்கி வந்துபோவார். சில மாதங்களில் அங்கேயே தங்கிவிட்டார். அதுதான் இன்றைய ரமணாசிரமம். வீட்டுக்கு வாடா என்று கூப்பிட்ட அம்மா ஒருநாள் தோற்றுத் திரும்பினார். கடைசியில் அம்மா இருக்கும் இடத்துக்கே மகன் வந்து சேர்ந்தார்.

சமாதி மேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்கு 1949 மார்ச் 17 அன்று, ரமணர் கண் முன்னாலேயே கும்பாபிஷேகம் நடந்தது. இன்னைக்கும் அந்த ஆசிரமத்தில் தினமும் சாதுக்களுக்கு அன்னம் கொடுக்கிறார்கள். ஒரு துறவிக்குச் சோறு மறுத்த கதையோடு தொடங்கிய குடும்பம் அது!

அடுத்த தடவை கிரிவலம் போனா, அந்த அம்மா சந்நிதியில் ஒரு நிமிஷம் நில்லுங்க. இன்னைக்கு உங்க அம்மாகிட்ட சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க.

ஓம் சரவணபவ!