பரீட்சையில் சித்தியடையாத கணித மேதை: சிறீனிவாச இராமானுஜன் (1887 – 1920)

இப்போது உங்கள் கையில் இருப்பது ஒரு பரீட்சை வழிகாட்டி நூல். 1903 ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் பதினாறு வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு மாணவனின் கையிலும் ஒரு வழிகாட்டி நூல் கிடைத்தது. அது அவனுக்குச் சொந்தமானதன்று, இரவலாகப் பெற்றது. அதை எழுதியவர் ஜோர்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்பவர். இவர் பேரறிஞர் என்று பெயர் பெற்றவர் அல்லர். இலண்டனில் மாணவருக்குத் தனிப்பட்ட முறையில் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். இன்றைய வழக்கில் சொன்னால் ஒரு ரியூசன் ஆசிரியர்.

அக்காலத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ‘திரைப்பொஸ்’ என்னும் கணிதப் பரீட்சை பெயர் பெற்று விளங்கியது. அது பரீட்சை என்பதைவிடப் போட்டி என்பதே பொருந்தும். சித்தியடைந்தவர்களின் பெயர்கள் தரவரிசைப்படி அறிவிக்கப்படும்; முதலிடம் பெற்றவரின் பெயர் நாடெங்கும் பேசப்படும். இத்தகைய பரீட்சைகளுக்கு ஆயத்தம் செய்வோருக்காகவே கார் தமது நூலைத் தொகுத்தார். ஏறத்தாழ 5000 தேற்றங்களும் சூத்திரங்களும் இலக்கமிடப்பட்டு அதில் அடுக்கப்பட்டிருந்தன. நிறுவல்கள் ஓரிரு வரிக் குறிப்பாக இருக்கும், அல்லது இல்லாமலே இருக்கும். மீட்டல் செய்யும் மாணவருக்கு அது போதும் என்று கார் எண்ணியிருக்க வேண்டும்.

இந்த நூலைப் பெற்ற மாணவரே பிற்காலத்தில் உலகம் போற்றிய கணித மேதை சிறீனிவாச இராமானுஜன் ஆவார்.

இராமானுஜன் 1887 டிசெம்பர் 22 இல் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியாரின் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதுபவராகக் கடமையாற்றினார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுவார். வறிய குடும்பம். 1897 இல் ஆரம்பப் பாடசாலைப் பரீட்சையில் மாவட்டத்தில் முதலிடம் பெற்ற இவர், அடுத்த ஆண்டு கும்பகோணம் நகர உயர்தரப் பாடசாலையில் சேர்ந்தார். வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவரிடமிருந்து லோனி எழுதிய திரிகோணகணித நூலை வாங்கிப் படித்து முடித்தபோது இவருக்கு வயது பதின்மூன்று அளவில்தான் இருக்கும். முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறையைக் கற்றதும் நாற்படிச் சமன்பாட்டுக்குத் தாமே ஒரு முறையைக் கண்டார். பின்னர் ஐம்படிக்கும் முயன்று தோற்றார். ஐம்படிச் சமன்பாட்டுக்கு அவ்வாறான பொதுத் தீர்வு இல்லை என்பது எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஐரோப்பாவில் நிறுவப்பட்டிருந்தது. அதை இவருக்குச் சொல்ல எவரும் இருக்கவில்லை.

இனிக் காரின் நூலுக்கு வருவோம். அந்நூலை வாங்கிய மாணவர் பலர் சூத்திரங்களை மனனம் செய்து பரீட்சை மண்டபத்துக்குச் சென்றிருப்பர். இராமானுஜன் செய்தது வேறு. ஒவ்வொரு கூற்றையும் ஒரு வினாவாகவே எடுத்துக்கொண்டார். விடை அச்சில் இருக்கிறது, வழி இல்லை. அந்த வழியைத் தாமே அமைத்தார். ஒன்றை நிறுவும்போது நூலில் இல்லாத வேறு இரண்டு தோன்றும், அவற்றையும் பின்தொடர்ந்தார். காகிதம் விலை கூடியது என்பதால் சிலேற்றில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் கொப்பியில் எழுதிவைத்தார். இவ்வாறு எழுதப்பட்ட கொப்பிகளில் 3000 இற்கு மேற்பட்ட முடிவுகள் உள்ளன. நிறுவல்கள் மிக அரிது. கணிதத்தை எழுதும் முறை இதுதான் என்று காரின் நூலைப் பார்த்தே இவர் பழகிக்கொண்டார் எனத் தோன்றுகிறது. ஒரு வழிகாட்டி நூல் செய்யக்கூடிய நன்மையும் தீமையும் இவ்விடத்தில் ஒன்றாகவே இருக்கின்றன.

தீமை விரைவில் வெளிப்பட்டது. 1904 இல் பாடசாலையில் கணிதப் பரிசு பெற்று, புலமைப்பரிசிலுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறெதையும் படிக்க மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் சித்தியடையாததால் புலமைப்பரிசில் நிறுத்தப்பட்டது. 1905 இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார். 1906 இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் முயன்றார். அங்கு உடற்றொழிலியல் என்னும் பாடம் தடையாயிற்று. இடையில் நோயும் வந்தது. பல்கலைக்கழகத்துக்குள் செல்வதற்கு எப்.ஏ. பரீட்சையில் எல்லாப் பாடங்களிலும் சித்தியடைய வேண்டும். 1907 இல் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றியபோதும் கணிதத்தைத் தவிர ஏனையவை கைகொடுக்கவில்லை. இவரைப் போல நாமும் மற்றப் பாடங்களை விட்டுவிடலாம் என்று எண்ணாதீர்கள். அதன் பின்னர் பல ஆண்டுகள் இவர் பட்ட பாடு சிறிதன்று.

1909 இல் ஜானகி அம்மாளுடன் திருமணம் நடந்தது. வேலை தேட வேண்டிய நிலை. கொப்பிகளைக் கையில் எடுத்துக்கொண்டு பெரியவர்களின் வீடுகளுக்கு ஏறி இறங்கினார். திருக்கோவிலூரில் உதவிக் கலெக்டராக இருந்த வி. இராமசுவாமி ஐயர் அக்கொப்பிகளின் தரத்தை உணர்ந்தார். 1907 இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடக்கியவர் இவரே. அடுத்து, நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபா கொடுத்து உதவினார்.

இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் வாசகர்களுக்கான வினாப்பகுதி ஒன்று இருந்தது. ஒருவர் வினாவை அனுப்புவார், மற்றவர்கள் விடையை அனுப்புவார்கள். இன்று ஒலிம்பியாட் போட்டிகளுக்குப் பயிலும் நீங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுவே. 1911 முதல் இராமானுஜன் இப்பகுதிக்கு வினாக்களை அனுப்பத் தொடங்கினார். அவற்றுள் 289 ஆம் இலக்க வினா புகழ்பெற்றது. பின்வரும் கோவையின் பெறுமானத்தைக் காண்க என்பதே அது:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

மேலே வாசிக்க முன்னர் ஒரு தாளில் சிறிது நேரம் முயன்று பாருங்கள்.

பல மாதங்கள் கழிந்தும் எவரும் விடை அனுப்பவில்லை. இறுதியில் இராமானுஜனே விடையை அனுப்பினார். விடை 3. வழியோ எட்டாம் வகுப்பு மாணவருக்கும் விளங்கும்.

3 = √9 = √(1 + 2 × 4)
4 = √16 = √(1 + 3 × 5)
5 = √25 = √(1 + 4 × 6)

முதல் வரியில் உள்ள 4 இற்குப் பதிலாக இரண்டாம் வரியை இடுங்கள். அதிலுள்ள 5 இற்குப் பதிலாக மூன்றாம் வரியை இடுங்கள். இவ்வாறு முடிவின்றிச் சென்றால் வினாவிலுள்ள கோவை வந்துவிடும். இதற்கு அடிப்படை (n + 1)² = 1 + n(n + 2) என்னும் சர்வசமன்பாடு மட்டுமே. நீங்கள் நூறு தடவை சுருக்கி எழுதிய ஒன்றுதான். சுருக்குவதற்குப் பதிலாக அதை விரித்துக்கொண்டே போகலாம் என்பதை அவர் கண்டார்.

ஆயினும் இவ்விடையை அப்படியே எழுதினால் கண்டிப்பான பரீட்சகர் புள்ளி குறைப்பார். ஏன்? 4 = √(1 + 2 × 7.5) என்றும் எழுதலாமே! அந்த 7.5 ஐயும் √(1 + 3 × …) என்னும் வடிவில் எழுதிக்கொண்டே போனால் விடை 4 என்றும் காட்டிவிடலாம் போலத் தோன்றும். எனவே கோவையை இடையில் நிறுத்தி நிறுத்திக் கணித்து, அது எதை நெருங்குகிறது என்று பார்க்க வேண்டும். கணிகருவியில் செய்து பாருங்கள்: √(1 + 2) = 1.73, அடுத்த படியில் 2.24, பின்னர் 2.56; பின்னர் 2.76. பெறுமானம் ஏறிக்கொண்டே 3 ஐ நெருங்குகிறது. 4 ஐ அன்று. இந்த எல்லை பற்றிய நிறுவல் இராமானுஜனின் விடையில் இருக்கவில்லை. பிற்காலக் கணிதவியலாளர்களே அதை நிறைவுசெய்தனர். விடை சரி, நிறுவல் குறை: அவரது வாழ்நாள் முழுவதும் இந்தப் பிரச்சினை அவரைத் தொடர்ந்தது.

1912 மார்ச் 1 இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாச் சம்பளத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். அங்கு கணக்காளராக இருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர், இவரை ஊக்குவித்தார். 1913 ஜனவரி 16 இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஜி. எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். உடன் நூற்றுக்கு மேற்பட்ட முடிவுகளை இணைத்திருந்தார். அதற்கு முன் வேறு இரு பேராசிரியர்களுக்கு எழுதியும் பயன் கிட்டவில்லை.

இந்த ஹார்டியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அவர் 1898 இல் அதே ‘திரைப்பொஸ்’ போட்டியில் நான்காம் இடம் பெற்றவர். ஆனால் அப்போட்டியை வெறுத்தவர். வேகத்துக்கும் தந்திரத்துக்கும் பயிற்றப்படும் மாணவர்கள் உண்மையான கணிதத்தை இழக்கின்றனர் என்பது அவர் கருத்து. தரவரிசை முறையை ஒழிப்பதற்குப் பாடுபட்டார். 1909 உடன் அது நின்றது. அந்தப் போட்டிக்காக எழுதப்பட்ட நூலால் உருவானவரும், எந்தப் போட்டியிலும் தேறாதவருமான ஒருவரின் கடிதம் இவரது மேசைக்கு வந்து சேர்ந்தது. ஹார்டியும் அவரது சக ஆய்வாளர் லிற்றில்வூட்டும் அதை ஆராய்ந்து, எழுதியவர் முதல்தரக் கணிதவியலாளர் என்று முடிவுசெய்தனர்.

1914 மார்ச் 17 இல் கப்பலேறிய இராமானுஜன் ஏப்ரலில் இங்கிலாந்தை அடைந்தார். அவ்வாண்டு டிசெம்பரில் ‘ஸ்ராண்ட்’ சஞ்சிகையில் ஒரு புதிர் வெளிவந்தது. ஒரு வீதியில் ஒரு பக்கத்து வீடுகள் 1, 2, 3 என இலக்கமிடப்பட்டுள்ளன. ஒருவரது வீட்டுக்கு ஒரு புறமுள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையும் மறு புறமுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50 இற்கு மேல், 500 இற்குக் கீழ். அவரது வீட்டின் இலக்கம் யாது? பிற்காலத்தில் புள்ளிவிபரவியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிஸ் இதை இராமானுஜனுக்கு வாசித்துக் காட்டினார். அப்போது இராமானுஜன் அடுப்பில் மரக்கறி கிளறிக்கொண்டிருந்தார். கிளறியபடியே ஒரு தொடர்பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். கேட்ட விடை மட்டுமன்று, எல்லையில்லாத விடைகள் எல்லாமே அதில் அடங்கியிருந்தன.

வீட்டிலக்கம் x, வீடுகள் n எனக் கொண்டால் x² = n(n + 1)/2 என வரும். இதை (2n + 1)² − 8x² = 1 என மாற்றலாம். சிறிய விடைகள்: 8 வீடுகளில் 6 ஆவது, 49 வீடுகளில் 35 ஆவது. புதிருக்கு உரியது 288 வீடுகளில் 204 ஆவது. ஒவ்வொன்றிலும் (2n + 1)/2x என்னும் பின்னத்தை எழுதுங்கள்: 17/12, 99/70, 577/408. இவை √2 இன் பெறுமானத்தை மேலும் மேலும் நெருங்கும். √2 இன் தொடர்பின்னம் தரும் பின்னங்களுள் இவையும் அடங்கும்.

கேம்பிரிட்ஜில் ஹார்டி இவருக்கு நிறுவலின் அவசியத்தைப் பொறுமையாகக் கற்பித்தார். 1916 இல் ஆய்வுக்காகப் பட்டம் கிடைத்தது. எப்.ஏ. தேறாதவர் 1918 இல் றோயல் கழகத்தின் உறுப்பினராகவும் திரினிற்றிக் கல்லூரியின் ஆய்வாளராகவும் தெரிவானார். ஆனால் குளிரும், போர்க்கால உணவுத் தட்டுப்பாடும், மரக்கறி உணவைக் கைவிடாத வழக்கமும் உடலைத் தளர்த்தின. வைத்தியசாலையில் இருந்தபோது, ஹார்டி வந்த வாடகை வண்டியின் இலக்கமான 1729 இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று உடனே கூறியது யாவரும் அறிந்ததே (1³ + 12³, 9³ + 10³). 1919 இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 இல் சென்னையில் காலமானார். வயது 32. நோய்ப் படுக்கையிலும் கணிதம் எழுதுவதை நிறுத்தவில்லை.

சஞ்சிகைக்கு அவர் அனுப்பிய வினாக்கள் 60 இற்குச் சற்றுக் குறைவு. ஹார்டிக்குக் கடிதம் எழுதிய அதே 1913 இல் அனுப்பிய இரண்டை மட்டும் இங்கு தருகிறோம்.

464 ஆம் வினா: n இன் பெறுமானம் 3, 4, 5, 7, 15 ஆகும்போது 2ⁿ − 7 நிறைவர்க்கமாகும். வேறு பெறுமானங்கள் உண்டா? முதலில் ஐந்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்; கடைசியில் 181² வரவேண்டும். வேறு இல்லை என்பதை நோர்வே நாட்டவரான நாகெல் 1948 இல் நிறுவினார்.

469 ஆம் வினா: n! + 1 நிறைவர்க்கமாவது எப்போது? 4! + 1 = 5², 5! + 1 = 11², 7! + 1 = 71². இதே வினாவைப் பிரான்சைச் சேர்ந்த புறொக்கார் என்பவர் முன்னரே எழுப்பியிருந்தார். இராமானுஜன் அதை அறிந்திருந்ததாகத் தெரியவில்லை. 2000 ஆம் ஆண்டில் கணினியின் உதவியுடன் n இன் பெறுமானம் 100 கோடி வரை தேடிப் பார்த்தனர். நான்காவது ஒன்று அகப்படவில்லை. அப்படி ஒன்று இல்லை என்பதற்கான நிறுவலும் இன்றுவரை கிடைக்கவில்லை.