நொடியை அளந்து இசையமைத்தவர்

பின்னணி இசை என்றதும், ஓர் இசைமேதை கண்மூடி அமர்ந்திருக்க மெட்டு தானாக ஊற்றெடுப்பதாகவே நம்மில் பலரும் கற்பனை செய்கிறோம். ஊடகத்துறை மாணவனாகிய எனக்கு நண்பர்களின் குறும்படங்களுக்கு இசை சேர்க்கும் வேலை அடிக்கடி வந்து சேரும். படம் வெள்ளிக்கிழமை கைக்கு வரும். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஊற்றெடுக்கும்வரை யார் காத்திருப்பது? நேரம் குறைவாக இருக்கும்போதும் நல்ல இசை தருவதற்கு ஒரு வழிமுறை உண்டா என்று தேடியபோதுதான் மாக்ஸ் ஸ்டைனரைப் பற்றிப் படித்தேன். அவர் வாழ்க்கையை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்டைனர் 1888ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பிறந்தார். பாட்டனார் நாடக அரங்கை நடத்தியவர். தந்தையும் கலை நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்வதையே தொழிலாகக் கொண்டவர். புகழ்பெற்ற இசைஞர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இவருக்கு ஞானத்தந்தை. இளம் வயதிலேயே லண்டன் சென்று நாடகங்களுக்கு இசைக்குழுவை வழிநடத்தினார். 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும், ஆஸ்திரியர் என்பதால் அங்கே அவர் எதிரி நாட்டவர் ஆனார். அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தபோது அவர் கையில் இருந்தது 32 டாலர் மட்டுமே.

நியூயார்க்கில் அவருக்கு முதலில் கிடைத்தது பிறர் எழுதிய இசைக்குறிப்புகளைப் படியெடுக்கும் வேலை. வியன்னாவில் முறையாக இசை பயின்றவருக்கு அது சிறிய வேலைதான். ஆனால், எந்தக் கருவிக்கு எதை எழுதினால் எப்படி ஒலிக்கும் என்பதை அந்த வேலை அவர் விரல்களுக்கே பழக்கியது. பிறகு சுமார் பதினைந்து ஆண்டுகள் பிராட்வே நாடகங்களுக்கு இசைக்கோப்பு செய்தும் இசைக்குழுவை நடத்தியும் அனுபவம் பெற்றார். 1929இல் ஆர்.கே.ஓ. நிறுவனம் அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்தது.

அது பேசும்படம் பிறந்த காலம். காட்சியில் வாத்தியக்காரர் யாரும் இல்லாதபோது இசை எங்கிருந்து வருகிறது என்று பார்வையாளர்கள் குழம்புவார்கள் எனத் தயாரிப்பாளர்கள் அஞ்சினர். அதனால் பல படங்களில் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே இசை ஒலித்தது. 1933இல் வெளிவந்த ‘கிங் காங்’ அந்த அச்சத்தைப் போக்கியது. செலவை மிச்சப்படுத்தப் பழைய இசையையே பயன்படுத்துமாறு நிறுவனத்தார் கூறினர். தயாரிப்பாளர் மெரியன் கூப்பரோ புதிய இசைக்கான செலவைத் தாமே ஏற்பதாகச் சொல்லி ஸ்டைனரை எழுத வைத்தார். பொம்மைக் குரங்கு ஒன்றைக் கண்டு மக்கள் அஞ்சவும், இறுதியில் அதற்காக இரங்கவும் செய்ததில் அந்த இசைக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி அவருடைய வழிமுறைக்கு வருவோம். ஸ்டைனர் திரைக்கதையைப் படித்துவிட்டு மெட்டமைப்பதை விரும்பமாட்டார். படம் முடிந்த பிறகு அதை முழுமையாகப் பார்ப்பார். எந்த இடத்தில் இசை தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்வார். பிறகு உதவியாளர்கள் படச்சுருளை அளவிடும் கருவியில் ஓட்டி, கதவு திறப்பது, கதாநாயகி திரும்பிப் பார்ப்பது என ஒவ்வொன்றும் எத்தனையாவது நொடியில் நிகழ்கிறது எனப் பட்டியலிடுவார்கள். பட்டியல் தயாராகும்வரை ஸ்டைனர் சும்மா இருக்கமாட்டார். முக்கியப் பாத்திரங்களுக்கு உரிய மெட்டுகளை அந்த நேரத்தில் அமைத்துவிடுவார். பட்டியல் கைக்கு வந்ததும் அந்த மெட்டுகளையே நீட்டியும் சுருக்கியும் சுருதி மாற்றியும் காட்சிகளுக்குப் பொருத்துவார்.

அடுத்தது ‘கிளிக் டிராக்’ எனப்படும் தாளத் தடம். கேலிச்சித்திரப் படங்களில் பயன்பட்ட இம்முறையைக் கதைப்படங்களுக்குக் கொண்டு வந்த முன்னோடிகளுள் ஸ்டைனரும் ஒருவர். படச்சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். 12 சட்டங்களுக்கு ஒரு துளையிட்டால் அரை நொடிக்கு ஒருமுறை ‘டிக்’ என்ற ஒலி கேட்கும். அதாவது நிமிடத்திற்கு 120 தட்டுகள். அதைக் காதொலிக் கருவியில் கேட்டபடி இசைக்குழு வாசித்தால் இசையும் காட்சியும் பிசகாமல் இணையும். ‘தி இன்ஃபார்மர்’ படத்தில் நீர் சொட்டும் ஒலியோடு இசை ஒன்றிப்போகும். 1935இல் வெளிவந்த அப்படம் அவருக்கு முதல் ஆஸ்கார் விருதைப் பெற்றுத் தந்தது. இன்று நம் கணினியில் இசை மென்பொருளைத் திறந்ததும் ஒலிக்கும் தாளத் தட்டு அந்தத் துளைகளின் வாரிசுதான்.

எல்லாவற்றையும் ஒருவரே செய்ய வேண்டும் என்ற பிடிவாதமும் அவரிடம் இல்லை. பென்சிலால் சுருக்கமாக எழுதிக் கொடுப்பார். ஹ்யூகோ ஃப்ரீட்ஹோஃபர் போன்ற வல்லுநர்கள் அதை முழு இசைக்குழுவுக்கு விரித்து எழுதுவார்கள். ஓரங்களில் அவர்களுக்காகக் குறிப்புகளோடு நகைச்சுவையும் எழுதி வைப்பார்.

இந்த வழிமுறைக்குப் பெரும் சோதனையாக வந்தது 1939. ‘கான் வித் த விண்ட்’ ஏறத்தாழ நான்கு மணி நேரப் படம். அதில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக இசை தேவைப்பட்டது. அவகாசமோ சுமார் மூன்று மாதங்கள். அதே ஆண்டில் வேறு பல படங்களும் அவர் மேசையில் இருந்தன. நாளுக்கு இருபது மணி நேரம்கூட உழைத்தார். விழித்திருக்க மருத்துவர் தந்த ஊக்க மருந்தையும் நாடினார். இசை குறித்த நாளில் முடிந்தது. ஆனால், அவ்வாண்டின் ஆஸ்கார் வேறொருவருக்குப் போனது.

நண்பர்களே, இந்த இடம்தான் என்னை நீண்ட நேரம் சிந்திக்க வைத்தது. சிறந்த வழிமுறை ஒருவருக்கு ஓய்வைத் தரும் என்றே நாம் நம்புகிறோம். ஸ்டைனருக்கோ அது மேலும் வேலையைத்தான் தந்தது. விரைவாக முடிப்பவரிடம் அடுத்த படத்தையும் கொடுத்தார்கள், அவரும் மறுக்கவில்லை. 300 படங்கள் அளவுக்கு இசையமைத்தார். 24 முறை ஆஸ்கார் பரிந்துரை பெற்று மூன்று முறை வென்றார். மறுபுறம் திருமணங்கள் முறிந்தன, பார்வை மங்கியது, கடன் சூழ்ந்தது. எழுபது வயதைக் கடந்த பிறகே, 1959இல் வந்த ‘எ சம்மர் பிளேஸ்’ படத்தின் மெட்டு உலகெங்கும் பரவிக் கடன் சுமையை நீக்கியது. 1962இல் ஒரே மகனையும் இழந்தார். 1971 டிசம்பர் 28ஆம் நாள், 83ஆம் வயதில் மறைந்தார்.

பட்டம் பெற்றதும் இத்துறையில் கால் பதிக்க எண்ணியிருக்கும் எனக்கு இவ்வாழ்க்கை வழிகாட்டியும் எச்சரிக்கையும் ஆகும். முழுதாகப் பார், இடம் குறி, அளந்துகொள், சில மெட்டுகளை வைத்தே வளர்த்தெடு, வேலையைப் பகிர் என்னும் அவருடைய ஐந்து படிகளும் இசைக்கு மட்டுமல்ல, நம் இடுபணிகளுக்கும் பொருந்தும். அவற்றால் மிச்சமாகும் நேரம் யாருக்கு உரியது என்பதை மட்டும் நாமே முன்கூட்டித் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நாம் தீர்மானிக்காவிட்டால், நமக்கு வேலை தருபவர் தீர்மானித்துவிடுவார்.