இலக்கண மேதை ஸீபவைஹி

அரபு மொழியின் இலக்கணத்தை முழுமையாக வகுத்துத் தந்த பெரியார் ஓர் அரபியரல்லர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அன்னார் பாரசீக நாட்டிலே, ஷீராஸ் நகரை அடுத்த பைளா என்ற ஊரிலே, கி.பி. 8-ஆம் நூற்றாண்டில் பிறந்தவர். இயற்பெயர் அம்ரு இப்னு உஸ்மான். உலகம் அவரை ஸீபவைஹி என்றே அழைக்கிறது.

கல்வி தேடி பஸ்ராவுக்கு வந்த அவர், ஹம்மாது இப்னு ஸலமா என்ற அறிஞரிடம் ஹதீஸ் ஓதி வந்தார். ஒருநாள் அபூதர்தா (ரலி) அவர்களின் பெயர் வரும் இடத்தில், அபா என்று ஓத வேண்டியதை அபூ என்று ஓதிவிட்டார். ஆசிரியர் திருத்தினார். இனி எவரும் தம் மொழியில் குறை காணாத அளவுக்கு இலக்கணம் கற்பது என்று அன்றே அவர் உறுதி பூண்டதாக வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

பின்னர் கலீல் இப்னு அஹ்மது என்ற பேரறிஞரின் மாணவரானார். பாலைவன அரபிகளின் பேச்சு வழக்கையும் ஆதாரமாகக் கொண்டார். எந்தக் கருத்தை எவரிடமிருந்து பெற்றார் என்பதை, நேர்மையான வணிகர் பற்று வரவு எழுதுவதுபோல், தம் நூலிலே பெயர் சொல்லிப் பதிந்து வைத்தார்.

அவர் புகழ் பக்தாதுக்கு எட்டியது. அமைச்சர் யஹ்யா பர்மகீயின் சபையிலே, கூஃபா நகரத்து அறிஞர் கிஸாயீக்கும் அவருக்கும் வாதம் நடந்தது. தேள் கொட்டுவதையும் குளவி கொட்டுவதையும் ஒப்பிடும் ஒரு வாக்கியத்தில், இறுதிச் சொல்லின் வேற்றுமை உருவம் எது என்பதே கேள்வி. வாயிலில் நின்ற நாட்டுப்புற அரபிகள் சாட்சிக்கு அழைக்கப்பட்டனர். அவர்கள் கிஸாயீயின் பக்கமே பேசினர். அவர்களுக்குக் கையூட்டு தரப்பட்டதென்று கூறுவோரும் உண்டு. மனம் நொந்த ஸீபவைஹி பாரசீகம் திரும்பி, ஏறத்தாழ கி.பி. 796-இல் இளம் வயதிலேயே காலமானார்.

அன்னார் விட்டுச் சென்றது ஒரே நூல். அதற்கு முன்னுரையுமில்லை, பெயருமில்லை. மாணவர் அக்ஃபஷ் அதைக் காத்துப் பிறருக்குக் கற்பித்தார். மக்கள் அதை அல்கிதாப், அதாவது நூல், என்றே அழைத்தனர். நமக்குக் கிடைத்துள்ள முழுமையான அரபு இலக்கண நூல்களுள் அதுவே மிகப் பழமையானது. 29 எழுத்துக்களையும், அவை வாயிலும் தொண்டையிலும் பிறக்கும் 16 இடங்களையும் அதன் இறுதிப் பகுதி விளக்குகிறது. திருக்குர்ஆனைத் திருத்தமாக ஓதக் கற்பிக்கும் தஜ்வீத் கலையில் இந்த ஆய்வின் பயனை இன்றும் காணலாம். 1881 முதல் 1889 வரை அந்நூல் பாரிஸ் நகரிலே அச்சேறியபோது, ஐரோப்பிய அறிஞர்களும் அதன் நுட்பத்தைக் கண்டு வியந்தனர்.

சபையிலே அவர் தோற்றார். ஆயினும் பிற்கால இலக்கண ஆசிரியர்களுள் பெரும்பாலோர் அந்த வாதத்தில் அவர் பக்கமே நின்றனர். ஒரு பொழுதின் சாட்சியைவிட ஓர் ஆயுளின் உழைப்பே நிலைத்தது.

நமக்கும் அரபு தாய்மொழியன்று. ஆனால் முயன்றால் எம்மொழியும் கைவரும் என்பதற்கு இந்தப் பாரசீகப் பெருமகனின் வாழ்வே சான்று. கடையும் கணக்கும் போக எஞ்சும் பொழுதிலே பிள்ளைகளை அருகிலிருத்தி, அரபு எழுத்தையும் தமிழ் எழுத்தையும் பிழையறச் சொல்லிக் கொடுப்போமாக. தவறு நேர்ந்தால் திருத்துவோம். அவர்கள் நாணினாலும் சோர்ந்துவிடாமல் பார்த்துக் கொள்வோம்.