எச்சம் கொண்டு அறிந்தவர்: கிரிகோர் மெண்டல்

எச்சம் என்னும் தமிழ்ச்சொல்லுக்கு மக்கட்பேறு என்பது ஒரு பொருள். எஞ்சி நிற்பது என்பது மற்றொரு பொருள். ஒருவரை அவர்தம் எச்சம் கொண்டு மதிப்பிடுதல் தமிழர்க்குப் பழகிய வழக்கு. அதனைச் செடியினத்தில் வைத்து, எண்ணி, கணக்காக நிறுவிய பெருமகனார் ஒரு கிறித்தவத் துறவி. தமக்கென மக்கட்பேறு இல்லாதவர். அவரே கிரிகோர் மெண்டல்.

அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் சைலீசியப் பகுதியில், இன்று செக் குடியரசில் அமைந்துள்ள ஹைன்ட்சன்டோர்ஃப் என்னும் சிற்றூரில், 1822 சூலைத் திங்களில் உழவர் குடியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோஹான். தந்தையார் அன்டோன் தம் நிலத்தை உழுததோடு, வாரத்தில் மூன்று நாள் நிலக்கிழாருக்கும் உழைக்கக் கடமைப்பட்டிருந்தார். 1838-இல் மரம் ஒன்று மேலே உருண்டதில் அவர் உடல் நைந்தது. நிலம் மூத்த மகளின் கணவர் கைக்கு மாறிற்று. படிப்பு நின்றுவிடும் நிலையில், இளைய மகள் தெரேசியா தம் சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனுக்காக விட்டுக்கொடுத்தார். பட்டாணித் தோட்டத்தைப் போற்றுவோர் அதற்கு முன் போற்ற வேண்டியது அத்தங்கையின் சீதனத்தையே. பின்னாளில் அவருடைய மைந்தர் மூவரின் கல்விக்கும் மெண்டல் துணைநின்றார்.

1843-இல் புருனோ நகரத்து அகஸ்தீனிய மடத்தில் சேர்ந்து கிரிகோர் என்னும் துறவுப் பெயர் ஏற்றார். ஆசிரியர் தகுதித் தேர்வில் 1850-இல் தோல்வி. மடத்தலைவர் சிரில் நாப் அவரை வியன்னாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். ஆங்கே டாப்ளரிடம் இயற்பியலும் உங்கரிடம் தாவரவியலும் கற்றார். 1856-இல் மீண்டும் தேர்வெழுதச் சென்று இடையிலேயே திரும்பினார். தகுதிச் சான்று பெறாத தற்காலிக ஆசிரியராகவே 1868 வரை பணியாற்றினார். உயிரியலின் போக்கை மாற்றிய ஒருவர், பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் சான்றினை இறுதிவரை பெறவில்லை.

அந்த 1856-இலேயே மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆய்வு தொடங்கிற்று. எட்டாண்டுகளில் ஏறத்தாழ 28,000 செடிகள். உருண்டை விதைச் செடியையும் சுருக்க விதைச் செடியையும் கலந்தபோது விளைந்தவை அனைத்தும் உருண்டை. அவ்விதைகளை முளைக்கவைத்துத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டபோது கிடைத்த 7,324 விதைகளுள் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மறைந்த பண்பு அழியவில்லை, ஒடுங்கியிருந்தது. ஓங்கு பண்பைப் பெரிய எழுத்தாலும் ஒடுங்கு பண்பைச் சிறிய எழுத்தாலும் குறித்தார்.

இங்கேதான் அவருடைய நுண்மாண் நுழைபுலம் வெளிப்படுகிறது. சுருக்க விதை ஐயத்துக்கு இடந்தராது. ஒடுங்கு கூறு இரண்டும் அமைந்தாலன்றி அது சுருங்காது. உருண்டை விதையோ கண்ணை ஏமாற்றும். இரு பெருங்கூறுகளை உடையதும் உருண்டை. ஒரு பெருங்கூறும் ஒரு சிறுகூறும் உடையதும் உருண்டை. கத்தியால் பிளந்தாலும் அக்காலத்தில் வேறுபாடு தெரியாது. ஆகவே மெண்டல் விதையை வினவவில்லை. அதன் எச்சத்தை வினவினார். உருண்டை விதைகளிலிருந்து வளர்ந்த 565 செடிகளுள் 193 உருண்டை மட்டுமே ஈன்றன; 372 இருவகையும் ஈன்றன. நெற்றுக்குள் ஒரு சுருக்க விதை தென்பட்டாலே போதும். பெற்ற செடி கலப்புடையது என்று துணியலாம். உருண்டையான இரு பெற்றோர்க்குச் சுருக்க விதை பிறப்பின், இருவருமே சிறுகூற்றை மறைத்து வைத்திருந்தவர்.

மற்றொரு வழியும் கண்டார். ஐயத்துக்குரிய செடியை ஒடுங்கு பண்புச் செடியோடு கலப்பது. ஒடுங்கு பண்பினது எதையும் மறைக்க வல்லதன்று; ஆதலின் மற்றதன் உட்கூறு பிள்ளைகளில் அப்படியே வெளிப்படும். உருவம், நிறம் ஆகிய இரண்டிலும் கலப்புடைய செடியை இவ்வாறு சோதித்தபோது நால்வகை விதைகளும் முறையே 31, 26, 27, 26 என ஏறத்தாழச் சமமாக வந்தன.

இம்முறைக்கும் ஓர் இடர் உண்டு. இன்மை தோன்றியதால் இல்லை என்று முடித்துவிட இயலாது. பூ நிறம் போன்ற பண்புகளில் ஒவ்வொரு செடிக்கும் பத்துப் பிள்ளைகளையே வளர்த்தார். கலப்புச் செடியின் பத்துப் பிள்ளைகளும் தற்செயலாக ஓங்கு பண்பினவாகவே அமைதல் நூற்றுக்கு ஐந்தாறு முறை நேரும். 1936-இல் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் இதனைச் சுட்டி, மெண்டலின் எண்கள் எதிர்பார்ப்புக்கு மிகையாகவே ஒத்திருப்பதாக ஐயுற்றார். அவ்விவாதம் நெடுங்காலம் தொடர்ந்தது. ஆயினும் காயின் நிறச் சோதனையில் 60-க்கு 40 என வந்தபோது ஐயுற்று, அதனை மறுபடி செய்து 65-க்கு 35 என்ற முடிவையும், இரண்டையும் மறையாது பதிவு செய்தவர் அவர் என்பது மறக்கத்தக்கதன்று.

1865 பிப்ரவரி, மார்ச்சுத் திங்களில் புருனோ இயற்கை ஆய்வுக் கழகத்தில் இவற்றை எடுத்துரைத்தார். 1866-இல் கட்டுரை அச்சேறிற்று. தனிப்படிகள் நாற்பது பெற்று அறிஞர்க்கு அனுப்பினார். மறுமொழி தந்த தாவரவியலார் நேகெலி தாம் ஆய்ந்துவந்த ஹாக்வீட் செடியின்பால் அவரைத் திருப்பினார். அச்செடியோ பெரும்பாலும் கருவுறாமலே விதை தருவது. பிள்ளை தாயையே ஒத்திருக்கும், தந்தையைப் பற்றி எதுவும் சொல்லாது. இவ்வுண்மை அன்று எவர்க்கும் தெரியாது. எச்சத்தை வினவக் கற்றவர்க்கு ஊமைச் செடி வாய்த்ததென்பது காலத்தின் கொடுமை.

1868-இல் மடத்தலைவரானார். 1874-இல் வந்த வரிச்சட்டத்தை எதிர்த்து அரசோடு போராடியதில் எஞ்சிய வலிமையும் கரைந்தது. 1884 சனவரி 6-இல் சிறுநீரக நோயால் மறைந்தார். இறுதிச் சடங்கில் இசை நடத்தியவர் யானாச்செக். மெண்டலின் தாள்கள் பல எரிக்கப்பட்டன. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1900-இல், டி விரீஸ், கோரன்ஸ், செர்மாக் ஆகியோர் தத்தம் ஆய்வின் வழியே அவருடைய கட்டுரைக்கு வந்து சேர்ந்தனர். விதை சுருங்குவதன் காரணம், மாவுப்பொருளைக் கிளைக்கச் செய்யும் நொதியின் மரபணு சிதைந்திருப்பதே என்பது 1990-இல் புலனாயிற்று.

அவரது இருநூறாவது பிறந்த ஆண்டை ஒட்டி, 2021-இல் புருனோக் கல்லறை திறக்கப்பட்டது. என்புகளிலிருந்து பெற்ற மரபுப்பொருளை, அவர் பயன்படுத்திய நூல்களில் எஞ்சியிருந்த தடயங்களோடு ஒப்பிட்டு, அவை மெண்டலுடையவையே என்று உறுதிசெய்து, எழுத்தெழுத்தாகப் படித்தனர்.