ஆடம் ஆஸ்போர்ன்

ஆடம் ஆஸ்போர்ன் (மார்ச் 6, 1939 – மார்ச் 18, 2003) கணினித்துறை எழுத்தாளர், நூல் வெளியீட்டாளர், தொழில் முனைவர். வணிக அளவில் வெற்றி பெற்ற முதல் கையடக்கக் கணினியான ஆஸ்போர்ன் 1 இவரது நிறுவனத்தின் தயாரிப்பாகும். தாய்லாந்தில் பிறந்த இவர், இளமையில் திருவண்ணாமலையிலும் கொடைக்கானலிலும் வளர்ந்து, பழனி மலையிலுள்ள அதே கொடைக்கானலிலேயே காலமானார்.

இளமை

ஆடம் பாங்காக் நகரில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர். அந்நகரின் சுலாலங்கொர்ன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். தாய் லூசியா போலந்து நாட்டவர். 1941 ஆம் ஆண்டில் தாயும் பிள்ளைகளும் திருவண்ணாமலைக்கு வந்து, இரமண மகரிசியின் ஆசிரமத்தை அடுத்து வாழ்ந்தனர். தாய்லாந்தில் தங்கிவிட்ட தந்தையை சப்பானியப் படையினர் சிறை வைத்தனர். போர் முடிந்த 1945 இல்தான் அவர் குடும்பத்துடன் சேர முடிந்தது. பின்னாளில் இரமணரைப் பற்றிய ஆங்கில நூல்களால் ஆர்தர் பெயர் பெற்றார். 1964 இல் ஆசிரமத்தின் மவுண்டன் பாத் இதழையும் தொடங்கினார். இதனால் தமிழ்நாட்டில் இன்றும் மகனை விடத் தந்தையை அறிந்தோரே அதிகம் எனலாம்.

ஆடம் ஆறாம் வகுப்பு வரை கொடைக்கானல் பிரசன்டேசன் கான்வென்ட் பள்ளியில் பயின்றார். பதினொன்றாம் அகவையில் இங்கிலாந்து சென்றார். 1961 இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியல் பட்டமும், 1968 இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

எழுத்தும் வெளியீடும்

கலிபோர்னியாவில் செல் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்போர்ன், 1970களின் தொடக்கத்தில் அப்பணியிலிருந்து விலகிக் கணினிக் கையேடுகளை எழுதத் தொடங்கினார். 1975 இல் நுண்கணினிகளுக்கு ஓர் அறிமுகநூல் எழுதித் தாமே வெளியிட்டார். எளிய நடையில் அமைந்த இந்நூல் பல இலட்சம் படிகள் விற்றது. அவரது பதிப்பகத்தை 1979 இல் மெக்ரா-ஹில் நிறுவனம் வாங்கியது. இதழ்களில் எழுதிய பத்திகளில் கணினி நிறுவனங்களின் வீண் விளம்பரங்களைக் கடுமையாகச் சாடி வந்தார். பின்னர் தாமே அத்தொழிலில் இறங்கினார்.

ஆஸ்போர்ன் 1

லீ ஃபெல்சென்சுடைன் வடிவமைத்த இக்கணினி 1981 ஏப்ரலில் வெளியானது. விலை 1,795 டாலர். ஏறத்தாழ 11 கிலோகிராம் எடையுடன் தையல் இயந்திரப் பெட்டி போன்றிருந்தது. விமான இருக்கையின் அடியில் வைக்கலாம். ஆனால் மின்கலம் கிடையாது. 5 அங்குலத் திரையில் ஒரு வரிக்கு 52 எழுத்துகளே தெரியும். எஞ்சிய பகுதியைக் காணத் திரையைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும்.

வன்தட்டும் கிடையாது. நினைவகம் 64 கிலோபைட்டு. இரு நெகிழ்வட்டுகள் ஒவ்வொன்றிலும் சுமார் 90 கிலோபைட்டு மட்டுமே கொள்ளும். மின்சாரம் அணைந்தால் நினைவகத்தில் எதுவும் எஞ்சாது. ஆகவே ஒவ்வொரு முறையும் 'ஏ' இயக்கியில் வட்டைச் செருகி, சிபி/எம் என்னும் இயங்குதளத்தை முதலில் ஏற்ற வேண்டும். அது நினைவகத்தின் மேற்பகுதியில் அமரும். கீழே எஞ்சிய இடமே பயன்பாட்டு நிரல்களுக்கு உரியது. பெரிய நிரல்கள் இயங்குதளத்தின் ஒரு பகுதியையும் அழித்து அவ்விடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். வேலை முடிந்ததும் அழிந்த பகுதியை வட்டிலிருந்து மீண்டும் ஏற்ற வேண்டியிருந்ததால், 'ஏ' இயக்கியில் இயங்குதளம் உள்ள வட்டு எப்போதும் இருத்தல் வேண்டும். வேர்டுஸ்டார் போன்ற சொற்செயலி முழுவதுமாக நினைவகத்தில் அடங்காது. தேவைப்படும் துண்டுகளை மட்டும் அவ்வப்போது வட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

வட்டுகளைப் பேணுவதற்கும் தனித்தனிச் சிறு நிரல்கள் இருந்தன. கோப்புகளைப் படியெடுக்கப் பிப், எஞ்சிய இடத்தை அறிய ஸ்டேட், புது வட்டை வடிவூட்டவும் முழு வட்டைப் படியெடுக்கவும் காப்பி ஆகியவை பயன்பட்டன. இயங்கும்போது வட்டை மாற்றிவிட்டு அதனை இயங்குதளத்துக்கு அறிவிக்க மறந்தால், புது வட்டில் எழுத அது மறுத்துவிடும். பழைய வட்டின் குறிப்பைக் கொண்டு புது வட்டை அழித்துவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு இது.

இத்தனை இடர்கள் இருந்தும் கணினி பெருமளவில் விற்பனையானது. சொற்செயலி, விரிதாள், பேசிக் மொழி ஆகியவை விலையுடன் சேர்த்தே வழங்கப்பட்டமை இதற்குக் காரணம். தனித்தனியே வாங்கின் அம்மென்பொருள்களின் விலையே கணினியின் விலையை நெருங்கும். உச்ச நிலையில் மாதம் 10,000 கணினிகள் விற்றன.

வீழ்ச்சி

1983 செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. எக்சிகியூட்டிவ் என்னும் அடுத்த கணினியைப் பற்றி முன்கூட்டியே பேசியதால் பழையதன் விற்பனை நின்றது என்பது பரவலான கருத்து. வணிகவியலில் இது 'ஆஸ்போர்ன் விளைவு' எனப்படுகிறது. ஆனால் 1982 இல் அதே விலையில் 9 அங்குலத் திரையுடன் கேப்ரோ 2 வந்திருந்தது. ஐபிஎம் கணினிக்கு இணக்கமான கையடக்கக் கணினிகளும் வரத் தொடங்கியிருந்தன. நிறுவனத்தின் நிதி மேலாண்மையும் தளர்ந்திருந்தது. பழி முழுவதையும் ஓர் அறிவிப்பின் மேல் சுமத்துவது பொருந்தாது.

1984 இல் ஆஸ்போர்ன் பேப்பர்பேக் சாஃப்ட்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார். நூல்களைப் போல மென்பொருளும் மலிவாக விற்கப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்நிறுவனத்தின் விபி-பிளானர் விரிதாள், லோட்டஸ் 1-2-3 விரிதாளின் கட்டளைப் பட்டியலை ஒத்திருந்தது. லோட்டஸ் 1987 இல் வழக்குத் தொடர்ந்தது. 1990 இல் தீர்ப்பு ஆஸ்போர்னுக்கு எதிராக அமைந்தது. இதே லோட்டஸ், போர்லேண்ட் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், கட்டளைப் பட்டியலுக்குப் பதிப்புரிமை இல்லை என 1995 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பு ஆஸ்போர்னுக்குப் பயன்படவில்லை. அவரது நிறுவனம் அதற்கு முன்பே வீழ்ந்துவிட்டது.

இறுதிக்காலம்

மூளை நோயால் சிறு பக்கவாதங்கள் அடிக்கடி ஏற்பட்டு உடல்நிலை சீர்கெட்டதால், ஆஸ்போர்ன் 1992 இல் இந்தியாவுக்குத் திரும்பி, கொடைக்கானலில் தம் சகோதரியுடன் வாழ்ந்தார். 2003 மார்ச் 18 அன்று அங்கு உறக்கத்திலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 64.