வானவில்லும் பேரறிஞர் இப்னுல் ஹைதமும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாலை மழை ஓய்ந்து மேற்கே கதிரவன் தலைகாட்டும் நேரத்தில், திருவந்திபுரத்தில் கெடிலக் கரையில் நின்று கிழக்கே கடலூர்த் திசையை நோக்குவீர்களானால், வானவில் வளைந்து நிற்கக் காண்பீர்கள். வானங்களின் படைப்பையும் மழையையும் சிந்தித்துப் பார்க்குமாறு திருமறை நம்மைப் பன்முறை அழைக்கின்றது. அவ்வழைப்புக்குச் செவிசாய்த்து ஒளியின் இயல்பை ஆராய்ந்த ஒரு பெரியாரின் வரலாற்றை இன்று அறிந்து கொள்ளுங்கள்.

அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம் கி.பி. 965-இல் (ஹிஜ்ரி 354) இராக்கிலுள்ள பஸராவில் பிறந்தார். நைல் நதியின் வெள்ளத்தை ஒழுங்குபடுத்த இயலும் என்று அவர் கூறியது, எகிப்தை ஆண்ட பாத்திமிய்யா கலீபா அல்ஹாகிமின் செவிக்கு எட்டியது. கலீபா அவரை வரவழைத்துப் பொறுப்பை ஒப்படைத்தார். அஸ்வானுக்கு அப்பால் வரை சென்ற அவர், வழிநெடுகப் பண்டை மக்கள் எழுப்பிய மாபெரும் கட்டடங்களைக் கண்டார். இத்துணை ஆற்றல் படைத்தோர் செய்யாது விட்ட பணி எளிதன்று என உணர்ந்தார். திரும்பி வந்து, தம் திட்டம் நிறைவேறாது என ஒப்புக்கொண்டார்.

அல்ஹாகிமின் சீற்றத்துக்கு அஞ்சிய அவர், சித்தம் கலங்கியவர்போல் நடித்து, 1021-இல் கலீபா மறையும் வரை வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்தார் என வரலாற்றாசிரியர்கள் கூறுவர். பின்னர் கெய்ரோவில் அல்அஸ்ஹர் பள்ளிவாசலுக்கு அருகே தங்கி, நூல்களைப் படியெடுத்துக் கொடுத்து, அவ்வருவாயில் எளிய வாழ்வு நடத்தினார்.

அவருடைய 'கிதாபுல் மனாழிர்' ஏழு பகுதிகளைக் கொண்டது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே காண்கிறோம் எனக் கிரேக்க அறிஞர் பலர் கருதியிருந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என அவர் சோதனைகளோடு நிறுவினார். முன்னோர் எழுதினர் என்பதற்காக எதையும் ஏற்றுவிடாமல் ஆராய வேண்டும், தம் கருத்தையும் அவ்வாறே ஐயுற வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி.

வானவில்லைப் பற்றியும் அவர் தனிநூல் எழுதினார். ஈரம் நிறைந்த மேகம் குழியாடி போலக் கதிரவன் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வில் தோன்றுகிறது என்றார். அம்முடிவு சரியானதன்று. ஏறத்தாழ 1040-இல் அவர் மறைந்தார்.

இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர், பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்பாரிஸீ என்பவர், தம் ஆசிரியர் குத்புத்தீன் ஷீராஸீயின் தூண்டுதலால் அந்நூலைக் கற்று விரிவுரை எழுதினார். கண்ணாடிக் கோளத்தின் வழியே ஒளி செல்லும் விதத்தை இப்னுல் ஹைதம் முன்னரே ஆராய்ந்திருந்தார். அதைப் பின்பற்றி அல்பாரிஸீ, நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளம் ஒன்றை மழைத்துளியாகக் கொண்டு, இருட்டறையில் கதிரவன் ஒளியை அதன்மீது விழச் செய்தார். ஒளி துளிக்குள் நுழையும்போது விலகி, உட்சுவரில் பட்டுத் திரும்பி, வெளிவரும்போது மீண்டும் விலகுகிறது எனக் கண்டார். உள்ளே இருமுறை பட்டுத் திரும்பும் ஒளியே மங்கலான இரண்டாம் வில்லைத் தருகிறது என்பதையும் விளக்கினார். ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு அளவில் விலகுவதால் நிறங்கள் பிரிகின்றன என்பதைப் பின்னாளில், 17-ஆம் நூற்றாண்டில், நியூட்டன் மெய்ப்பித்தார்.

ஆசானின் பிழையை அவருடைய நெறியைக் கொண்டே மாணாக்கர் திருத்தினார். அதனால் ஆசானின் புகழ் குறைந்ததா? இல்லை! ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த சர்வதேச ஒளி ஆண்டாகிய 2015-இல், அவரது நூலின் ஆயிரமாண்டு நிறைவை உலகமே நினைவுகூர்ந்தது.

ஆகவே, வானவில் எப்படி வந்தது என உங்கள் பிள்ளைகள் கேட்டால் அதட்டி அடக்கிவிடாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை அவர்களோடு சேர்ந்து தேடுங்கள். முற்றறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும், பிழையை ஒப்புக்கொள்ளும் பணிவையும் அவன் அருள்வானாக! ஆமீன்.